பழங்களின் சுவாசமும் எத்திலீன் வாயுவும்

மகாராஷ்டிர மாநிலம் ஜல்காவ் மாவட்டத்தில் விளையும் வாழை, காயாகவே வெட்டப்பட்டு, காயாகவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வட இந்தியச் சந்தைகளை அடைகிறது. டெல்லி ஆஜாத்பூர் மண்டியில் இறக்கப்படும்போதும் அது பச்சையாகவே இருத்தல் வேண்டும். இறக்கப்பட்ட சில நாட்களுக்குள் ஒரே சீராக மஞ்சள் நிறம் பெறவும் வேண்டும். வழியில் பழுத்துவிட்டால் வணிகருக்கு நட்டம். மண்டியில் பழுக்காமல் நின்றாலும் நட்டம். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளுக்கும் நடுவே நிற்பது கண்ணுக்குப் புலப்படாத ஒரு வாயு. அதன் பெயர் எத்திலீன்.

இந்த வாயுவைப் பற்றிய அறிவு தாவரவியல் மாணவரோடு நின்றுவிடுவதன்று. குளிர்பதனக் கிடங்குக்கு மானியம் வழங்கும் அலுவலர், பழமண்டியில் சோதனை நடத்தும் உணவுப் பாதுகாப்பு அதிகாரி, சரக்கு ரயிலில் இடம் ஒதுக்கும் நிலைய அதிகாரி ஆகிய அனைவரும், அறிந்தோ அறியாமலோ, எத்திலீனுடன் தொடர்பு கொண்டவர்களே. லூதியானாவிலுள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய பொறியியல், தொழில்நுட்ப நிறுவனம் நடத்தி 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, அறுவடைக்குப் பிறகு கொய்யாவில் 15.88 சதவீதமும், ஆப்பிளில் 10.39 சதவீதமும், மாம்பழத்தில் 9.16 சதவீதமும், வாழையில் 7.76 சதவீதமும் இழக்கப்படுகின்றன. நபார்டு ஆலோசனை நிறுவனம் 2022இல் அளித்த ஆய்வு, பழங்களின் இழப்பை 6.02 முதல் 15.05 சதவீதம் வரை என மதிப்பிட்டது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ கிடங்குகள் எழுந்துள்ளன. இழப்போ சிறிதளவே குறைந்துள்ளது.

இவ்விழப்பு முழுவதற்கும் எத்திலீனே காரணம் என்று கூறுவது தவறாகும். அடிபடுதல், பூசணம், தரக்குறைவான பெட்டி, வெயிலில் காத்திருக்கும் லாரி எனக் காரணங்கள் பல. ஆயினும், அடிபட்ட பழமும் பூசணம் பற்றிய பழமும் எத்திலீனை மிகுதியாக வெளியிட்டு அருகிலுள்ள நல்ல பழங்களையும் விரைந்து கனியச் செய்வதால், ஏனைய காரணங்கள் பலவும் இறுதியில் இந்த வாயுவின் வழியாகவே பரவுகின்றன.

கைம்முதலைத் தின்னும் வாழ்வு

மரத்திலிருந்து பறிக்கப்பட்ட பழம் இறந்த பொருள் அன்று. அதன் திசுக்கள் உயிருடன் உள்ளன, அவை சுவாசிக்கின்றன. சர்க்கரையும் கரிம அமிலங்களும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகின்றன. அதில் பிறக்கும் ஆற்றலின் ஒரு பகுதி திசுக்களை உயிருடன் வைத்திருக்கிறது. பெரும்பகுதி வெப்பமாக வெளியேறுகிறது. மரத்தில் இருக்கும்வரை இச்செலவை இலைகள் ஈடுசெய்தன. காம்பு அறுந்த நிமிடம் முதல் வரவு நின்றுவிடுகிறது. அதன்பின் பழத்தின் வாழ்வு, வருமானம் அற்றுப்போய்க் கைம்முதலைச் செலவிட்டு நாளைக் கழிக்கும் குடும்பத்தின் வாழ்வை ஒத்தது. எவ்வளவு விரைவாகச் செலவிடுகிறது என்பதே அது எத்தனை நாள் தாங்கும் என்பதை முடிவு செய்கிறது.

அந்த வேகத்தை அளப்பதற்கு ஒரு வழி உண்டு. ஒரு கிலோ பழம் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிகிராம் கரியமில வாயுவை வெளிவிடுகிறது என்று கணக்கிடுவார்கள். பச்சை வாழைக்காயில் இது ஏறத்தாழ 20 மில்லிகிராம். பழுக்கும்போது அது 60 முதல் 125 வரை உயரும். வெறும் எண்களாகத் தோன்றும் இவற்றுக்குள் கிடங்கு கட்டுபவர் அறிய வேண்டிய செய்தி ஒன்று அடங்கியுள்ளது. மணிக்கு ஒரு மில்லிகிராம் என்ற வேகம், ஒரு டன் பழத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 61 கிலோ கலோரி வெப்பத்தைப் பிறப்பிக்கும். எனவே, 10 டன் வாழை வைக்கப்பட்ட ஓர் அறையில் சுவாசம் 100 மில்லிகிராம் வேகத்தை எட்டும்போது நாளொன்றுக்கு 61,000 கிலோ கலோரி வெப்பம் பிறக்கிறது. அறுநூறு லிட்டர் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். வெளி வெயிலும் சுவரும் தரும் வெப்பத்தை மட்டும் கணக்கிட்டுக் குளிர்பொறி வாங்கியவர்களின் அறைகளில், மூன்றாம் நாள் பழம் வெந்ததுபோல் மென்மையாகிவிடுவதற்கு இதுவே காரணம். இத்தகைய அறைகளை நாட்டின் பல மண்டிகளில் காணலாம்.

வெப்பநிலை பத்து டிகிரி குறைந்தால் சுவாசத்தின் வேகம் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறையும். ஆகவே, குளிரூட்டுதலே முதல் மருந்து என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்திய நிலையில் இம்மருந்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆப்பிளைச் சுழி டிகிரி வரை குளிர்விக்கலாம். வெப்ப மண்டலத்தில் பிறந்த வாழை 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே சென்றால் தோல் சாம்பல் நிறமாகி, பிறகு கறுத்து, ஒழுங்காகப் பழுக்கும் திறனையே இழந்துவிடும். மாம்பழத்தின் எல்லையும் ஏறத்தாழ அதுவே. குளிர்நாடுகளில் கடுங்குளிர் செய்து முடிக்கும் பணியில் ஒரு பாதியை, இந்நாட்டின் முதன்மைப் பழங்களைப் பொறுத்தவரை, குளிர் செய்ய இயலாது. அந்த மறுபாதியை எத்திலீனைக் கட்டுப்படுத்துவதன் மூலமே பெற வேண்டியுள்ளது. பழச் சேமிப்புத் திட்டங்களில் அடிக்கடி விடுபட்டுப்போகும் கருத்து இதுதான்.

சுவாச எழுச்சி

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிராங்க்ளின் கிட், சார்லஸ் வெஸ்ட் என்னும் இரு அறிஞர்கள் 1920களில் ஆப்பிள் பழங்களின் சுவாசத்தைத் தொடர்ந்து அளந்து வந்தார்கள். பறித்த பின் சுவாசம் மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. பிறகு, ஒரு கட்டத்தில், திடீரென எழுந்து உச்சத்தை அடைந்து மீண்டும் தாழ்ந்தது. அந்த எழுச்சியின்போதுதான் பழம் நிறம் மாறி, மணம் பெற்று, மென்மையடைந்தது. இதற்கு அவர்கள் கிளைமாக்டெரிக் என்று பெயரிட்டார்கள். தமிழில் சுவாச எழுச்சி எனலாம்.

எல்லாப் பழங்களிலும் இவ்வெழுச்சி இல்லை. வாழை, மா, பப்பாளி, சப்போட்டா, சீத்தா, பலா, தக்காளி, ஆப்பிள் ஆகியவை எழுச்சியுடையவை. ஆரஞ்சு, எலுமிச்சை, திராட்சை, மாதுளை, லிச்சி, அன்னாசி ஆகியவற்றில் எழுச்சி இல்லை. அவற்றைச் செடியில் வைத்தே முழுமையாகக் கனியவிட்டுப் பறிக்க வேண்டும். பறித்த பின் அவை பழையனவாகுமே தவிர இனிப்பு ஏறா.

எத்திலீன் இவ்விரு வகைகளிலும் வெவ்வேறு விதமாகச் செயல்படுவதை மாணவர்கள் சற்று நின்று கவனித்தல் நலம். எழுச்சியில்லாத எலுமிச்சைக்கு எத்திலீன் கொடுத்தால் அதன் சுவாசம் உயரும். கொடுத்த அளவு கூடக் கூட உயரமும் கூடும். வாயுவை அகற்றினால் சுவாசம் பழைய நிலைக்குத் திரும்பும். வாழையில் நிகழ்வதோ வேறு. எத்திலீனின் அளவு கூடினால் எழுச்சி விரைந்து வருமே தவிர அதன் உயரம் அவ்வளவாக மாறாது. மேலும், ஒரு முறை தொடங்கிய பின் வெளி எத்திலீனை முழுவதும் அகற்றினாலும் அது நிற்பதில்லை. ஏனெனில் அதற்குள் பழமே தன் எத்திலீனைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. சிறிதளவு எத்திலீன் மேலும் எத்திலீனைப் பிறப்பிக்கிறது. அது இன்னும் மிகுதியாகப் பிறப்பிக்கிறது. வைக்கோற்போரில் விழுந்த தீப்பொறி பரவுவதற்கு இது நிகரானது. வாழைக்கு இந்தத் தீப்பொறியின் அளவு காற்றில் ஒரு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே போதும். ஜல்காவ் வாழை நிறைந்த சரக்குப் பெட்டி ஒன்றில் ஒரே ஒரு தார் பழுத்திருப்பதை அனுபவம் மிக்க வணிகர்கள் அஞ்சுவதன் காரணம் இங்கே விளங்கும்.

விளக்கு வாயு முதல் ஆய்வுக்கூடம் வரை

எத்திலீனின் ஆற்றல் முதலில் வெளிப்பட்டது பழத்தில் அன்று. தெருவிளக்கு எரிக்க நிலக்கரி வாயு பயன்பட்ட காலத்தில், குழாய்கள் கசிந்த இடங்களில் மரங்கள் காலத்துக்கு முன்பே இலையுதிர்த்தன. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் திமித்ரி நெல்யுபோவ் என்னும் இளம் அறிஞர், ஆய்வுக்கூடத்தில் பட்டாணி முளைகள் நேராக வளராமல் கிடையாக வளைவதைக் கண்டு, அதற்குக் காரணம் விளக்கு வாயுவிலுள்ள எத்திலீனே என்று 1901இல் எடுத்துக்காட்டினார். ஜமைக்காவில் 1910இல் கசின்ஸ் என்னும் அலுவலர், ஆரஞ்சுகளுடன் ஒரே கப்பலில் ஏற்றினால் வாழை முன்கூட்டியே பழுத்துவிடுகிறது, ஆகவே இரண்டையும் பிரித்து அனுப்புக என்று அரசுக்கு எழுதினார். அரசு அலுவலர் ஒருவரின் ஆண்டறிக்கையில் இடம்பெற்ற வரிகள் தாவர அறிவியல் வரலாற்றில் நிலைத்துவிட்டதற்கு இது ஓர் அரிய எடுத்துக்காட்டு.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பச்சை எலுமிச்சையை மஞ்சளாக்க மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் அறைகளில் வைப்பது வழக்கமாயிருந்தது. அடுப்பின் வெப்பமே நிறத்தை மாற்றுகிறது என்று நம்பிய பழக்கிடங்கினர் நவீன வெப்பக் கருவிகளைப் பொருத்தினர். எலுமிச்சை பச்சையாகவே இருந்தது. புகையிலுள்ள எத்திலீனே வேலை செய்தது என்பதை ஃபிராங்க் டென்னி 1924இல் நிறுவினார். இந்தியாவில் வாழைத்தார்களை அறையில் அடுக்கிப் புகைமூட்டம் போடும் பழக்கமும், மலிஹாபாத் பகுதியில் மாங்காயை வைக்கோலுக்குள் புதைத்துப் பழுக்க வைக்கும் பழக்கமும் இதே உண்மையின் மேல் எழுந்தவை. புகையில் எத்திலீன் உண்டு. வைக்கோல், பழம் தானே வெளிவிடும் எத்திலீனையும் வெப்பத்தையும் வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. பெயர் தெரியாமலே பொருளைக் கையாண்ட தலைமுறைகள் அவை.

பழுக்கும் பழமே எத்திலீனை உண்டாக்குகிறது என்பதை 1934இல் ரிச்சர்டு கேன் வேதியியல் முறையில் மெய்ப்பித்தார். அது எவ்வாறு உண்டாகிறது என்ற வினாவுக்கு விடை கிடைக்க மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஏ.சி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஓர் இடைப்பொருள் தோன்றி, அதுவே எத்திலீனாக மாறுகிறது என்பதை கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆடம்ஸ், ஷாங் ஃபா யாங் ஆகியோர் 1979இல் கண்டறிந்தனர். அந்தக் கடைசி மாற்றத்துக்கு ஆக்ஸிஜன் தேவை. இச்சிறு செய்தியின் பயன் பெரிது: ஆக்ஸிஜன் குறைந்த காற்றில் பழம் மெதுவாகச் சுவாசிப்பதோடு எத்திலீனையும் குறைவாகவே உண்டாக்குகிறது. பின்னர் 1993இல், எத்திலீனை உணரும் ஏற்பியின் மரபணு ஒரு சிறு கடுகினச் செடியில் பிரித்தறியப்பட்டது. எத்திலீன் வந்து அமராத வரையில் இந்த ஏற்பி பழுத்தலைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. வாயு அமர்ந்ததும் தடை விலகுகிறது. காரைத் தள்ளுவதைவிட அதன் பிரேக்கை விடுவிப்பதையே எத்திலீன் செய்கிறது எனலாம்.

கார்பைடு கல்லின் கேடு

எத்திலீனைப் போன்ற உருவமுடைய வேறொரு வாயுவும் அதே ஏற்பியில் ஓரளவு அமரக்கூடும். அது அசிட்டிலீன். உலோகம் பற்றவைக்கும் பட்டறைகளில் பயன்படும் கால்சியம் கார்பைடு நீர் பட்டால் அசிட்டிலீனை வெளியிடும். எத்திலீனைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருந்தால்தான் அசிட்டிலீன் பழத்தின்மேல் வேலை செய்யும். ஆயினும் கல் மலிவு. தனி அறை தேவையில்லை. காகிதத்தில் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் பழத்திலிருந்து வரும் ஈரமே போதுமானது. மாம்பழப் பருவத்தின் தொடக்கத்தில் நாட்டின் பல மண்டிகளில் அது இடம்பெற்றதன் காரணம் இவ்வளவே.

பட்டறைத் தரக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் சேர்மங்கள் மாசாகக் கலந்துள்ளன. நீர் படும்போது இவை நச்சு வாயுக்களாக வெளியேறுகின்றன. தலைச்சுற்றல், தொண்டை எரிச்சல், வாந்தி, தோல் புண் ஆகியவை இதனால் நேரக்கூடும். இதைப் பற்றிய எச்சரிக்கைகள் பெரும்பாலும் நுகர்வோரை நோக்கியே கூறப்படுகின்றன. உண்மையில், மூடிய அறையில் நாள்தோறும் பெட்டிகளைத் திறந்து மூடும் கூலித் தொழிலாளியே முதல் பலியாள். அவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

சட்டம் இதில் தயங்கவில்லை. உணவுக் கலப்படத் தடை விதிகள் 1955இன் 44-ஏஏ விதி கார்பைடு வாயுவால் பழுத்த பழங்களின் விற்பனையைத் தடைசெய்தது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த ஒழுங்குமுறைகளும் அத்தடையைத் தொடர்ந்தன. 2016இல் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம், பயிர், இரகம், முதிர்ச்சி ஆகியவற்றைப் பொறுத்து, காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. எத்திலீன் வெளியிடும் பொருளைப் பொட்டலமாக வைத்தாலும் அப்பொருள் பழத்தைத் தொடலாகாது. எத்திஃபான் கரைசலில் பழத்தை முக்கி எடுத்தல் கூடாது.

இந்த அனுமதியைக் கண்டு, செயற்கைப் பழுப்புக்கு அரசே துணைபோகிறது என்று வருந்துவோரும் உண்டு. அறைக்குள் விடப்படும் எத்திலீன், பழம் தன்னுள் உண்டாக்கும் அதே எத்திலீன்தான். இரண்டுக்கும் மூலக்கூறில் எள்ளளவும் வேறுபாடில்லை. அது பழுத்தலைத் தொடங்கிவைக்கிறது. மாச்சத்தைச் சர்க்கரையாக்குவதும், பச்சையத்தை அழிப்பதும், மணத்தை உண்டாக்குவதும் பழத்தின் சொந்த வேலைகள்.

பழுக்கும் அறை

முறையான பழுக்கும் அறை என்பது வாயு நிரப்பிய இருட்டறை அன்று. காற்றுக் கசியாத சுவர், குளிர்பொறி, ஈரப்பதக் கருவி, காற்றைச் சுழற்றும் விசிறி, காற்றை வெளியேற்றும் வழி ஆகிய ஐந்தும் சேர்ந்ததே அறை. வாழைக்குச் சதைப்பகுதியின் வெப்பநிலை 16 முதல் 18 டிகிரியும், ஈரப்பதம் 90 முதல் 95 சதவீதமும் இருக்க வேண்டும். எத்திலீன் 24 மணி நேரம் கொடுத்தால் பெரும்பாலும் போதுமானது. மாம்பழத்துக்கு 20 முதல் 22 டிகிரி பொருந்தும்.

தேவைப்படும் வாயுவின் அளவைக் கேட்டுப் பலர் வியப்படைவர். 100 கன மீட்டர் கொள்ளளவுள்ள அறையில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற செறிவை உண்டாக்க 10 லிட்டர் எத்திலீன் போதும். இதைவிட மிகுதியாக விடுவதால் பழம் விரைந்து பழுப்பதில்லை. சுவாச எழுச்சியின் இயல்பே அதற்குக் காரணம் என்பது முன்னரே கூறப்பட்டது. விரயத்துடன் அபாயமும் உண்டு. காற்றில் எத்திலீன் 2.7 சதவீதத்தைத் தாண்டினால் சிறு தீப்பொறியும் வெடிப்பை உண்டாக்கும். எனவேதான் தூய எத்திலீன் உருளைகளுக்குப் பதிலாக நைட்ரஜன் கலந்த வாயுவையோ, எரிசாராயத்திலிருந்து சிறிது சிறிதாக எத்திலீனைப் பிறப்பிக்கும் கருவியையோ பயன்படுத்துகின்றனர்.

அறையைத் திறந்து காற்று மாற்றுதல், பலரும் சோம்பலால் விட்டுவிடும் பணி. பழம் வெளிவிடும் கரியமில வாயு ஒரு சதவீதத்தைத் தாண்டினால், ஏற்பியில் எத்திலீனின் செயலை அது தடுக்கத் தொடங்கும். வாயு இருந்தும் பழம் பழுக்காது. தோல் பச்சையாக நிற்க, உட்சதை மட்டும் குழையும். 'வாயு சரியில்லை' என்று குறைகூறி மேலும் எத்திலீன் விடும் அறைப் பணியாளருக்குத் தேவைப்படுவது ஒரு மணி நேரக் காற்றோட்டமே.

ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகளில், கடனுடன் இணைந்த மானியமாகப் பழுக்கும் அறைகளுக்குச் சமவெளிப் பகுதிகளில் செலவில் 35 சதவீதமும், மலைப்பகுதிகளில் 50 சதவீதமும் வழங்க வழிசெய்யப்பட்டது. வங்கிக் கடன் பெறக்கூடிய பெருவணிகருக்கு இது பயனளித்தது. நாளொன்றுக்கு இருபது, முப்பது பெட்டி வாங்கும் சிறுவணிகர் சொந்த அறை கட்டப் போவதில்லை. கார்பைடு கல்லை வாங்குபவரும் பெரும்பாலும் அவரே. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குள் பொது அறை ஒன்று அமைந்து, பெட்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிப் பழுக்க வைத்துக் கொடுக்கும் இடங்களில், சோதனை நடத்திப் பழத்தைக் கொட்டி அழிக்க வேண்டிய தேவை தானே குறையும். மாற்று வழி எட்டும் தூரத்தில் இல்லாதபோது தடை மட்டும் தனித்து நின்று பயன் தந்ததில்லை.

தாமதப்படுத்தும் கலை

பழுக்க வைத்தல் பாதிக் கதையே. பழுக்கவிடாமல் வைத்தல் மற்றொரு பாதி. காஷ்மீரத்தின் புல்வாமா மாவட்டத்தில் லாஸிபோராவிலும், இமாச்சலப் பிரதேசத்திலும் எழுந்துள்ள கட்டுப்படுத்திய வளிமண்டலக் கிடங்குகளில் ஆப்பிள் ஏறத்தாழ சுழி டிகிரியில், ஆக்ஸிஜன் 1 முதல் 3 சதவீதமாகக் குறைக்கப்பட்ட காற்றில் வைக்கப்படுகிறது. வெளிக்காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம் என்பதை நினைவிற்கொண்டால் இக்குறைவின் அளவு விளங்கும். இலையுதிர் காலத்தில் பறித்த ஆப்பிள் அடுத்த கோடையிலும் மொறுமொறுப்பாகச் சந்தைக்கு வருகிறது. அறுவடைக் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்று விலை வீழும் நிலையிலிருந்து தப்ப, தோட்டக்காரருக்கு இதனால் ஒரு வழி பிறந்தது. ஆனால் ஆக்ஸிஜனை அளவுமீறிக் குறைத்தால் பழம் சுவாசிக்க இயலாமல் நொதித்து, சாராய நெடி வீசும்.

அத்தகைய கிடங்கு அமைக்க வசதியில்லாத இடத்துக்கு எளிய வழிகள் உள்ளன. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் ஊறிய சுண்ணக்கட்டி போன்ற பொருளைத் துளையிட்ட சிறு பையில் கட்டி, பாலித்தீன் உறைக்குள் வாழைச் சீப்புகளுடன் வைத்தால், வெளிப்படும் எத்திலீனை அது உடனுக்குடன் சிதைத்துவிடும். ஊதா நிறம் பழுப்பாக மாறும்போது அதன் ஆற்றல் தீர்ந்தது என்று அறியலாம். வேறு கருவி தேவையில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிஸ்லரும் பிளாங்கன்ஷிப்பும் கண்டறிந்து 1996இல் காப்புரிமை பெற்ற 1-எம்.சி.பி. என்னும் வாயு, எத்திலீனைவிட உறுதியாக ஏற்பியைப் பற்றிக்கொண்டு அதற்கு இடமில்லாமல் செய்கிறது. ஆப்பிளுக்கு இது நன்கு உதவியது. வாழையில் கவனம் தேவை. காய்களின் முதிர்ச்சி ஒரே நிலையில் இல்லாவிட்டால், பிறகு எத்திலீன் கொடுத்தாலும் ஒரு சீப்பு பழுக்க மறு சீப்பு பச்சையாகவே நின்றுவிடும்.

எதைவிடவும் மலிவான வழி, சேரக்கூடாதவற்றைச் சேர்க்காதிருத்தல். நாட்டின் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளிர்பதனக் கிடங்குகளில் பெரும்பகுதி உருளைக்கிழங்குக்காக எழுந்தவை. அவற்றின் அறைகளில் ஒழிந்த இடத்தில் பழமும் காய்கறியும் கலந்து ஏறுகின்றன. ஆப்பிள் எத்திலீனை மிகுதியாக வெளியிடும் பழம். அதே அறையிலுள்ள கேரட் கசக்கும், வெள்ளரி மஞ்சளாகும், முட்டைக்கோஸ் இலையுதிர்க்கும். அருணாசலப் பிரதேசத்திலும் இமாச்சலத்திலும் விளையும் கிவிப் பழத்தின் நிலை இன்னும் மோசம். பத்துக் கோடியில் மூன்று பங்கு எத்திலீன் இருந்தாலே, சுழி டிகிரிக் குளிரிலும் அது மென்மையாகிவிடும். குளிர் சரியாக இருக்கிறது என்று வெப்பமானியை மட்டும் பார்த்துத் திருப்தியடையும் கிடங்கு மேலாளர், பழம் ஏன் கெட்டது என்று அறியாமலே போவார். டீசல் வண்டியை அறைக்குள் ஓட்டிச் சரக்கு இறக்குவதும் அதே விளைவைத் தரும். அதன் புகையிலும் எத்திலீன் உண்டு.

முதிராத காய்

எத்திலீனால் செய்ய முடியாத ஒன்றும் உண்டு. முற்றிய வாழைக்காயில் மாச்சத்து எடையில் 20 முதல் 25 சதவீதம் இருக்கும். பழுக்கும்போது இது ஓரிரு சதவீதமாகக் குறைந்து, அந்த அளவுக்குச் சர்க்கரை ஏறுகிறது. மாங்காயிலும் மரத்தில் சேர்ந்த மாச்சத்தே பின்னர் இனிப்பாகிறது. இளங்காயில் அது சேர்ந்திருப்பதில்லை. அதற்கு எத்திலீன் கொடுத்தாலும் தோல் மஞ்சளாகும், சதை மெலியும், சுவை மட்டும் வாராது. தானாகக் கனியாததைத் தடி கொண்டு அடித்துக் கனிய வைப்பது என்று கிராமத்தில் கூறுவது இங்கு முற்றிலும் பொருந்தும்.

பருவத்தின் முதல் வாரத்தில் மாம்பழத்துக்குக் கிடைக்கும் விலை பின்னர்க் கிடைப்பதில்லை. அந்த விலைக்காகத் தோட்டத்தை முன்னரே குத்தகைக்கு எடுத்தவர் இளங்காயைப் பறிக்கிறார். இளங்காய் இயல்பாகப் பழுக்காததால் கார்பைடு கல் தேவைப்படுகிறது. ஆகவே கார்பைடுச் சிக்கலின் வேர் மண்டியில் இல்லை, பறிக்கும் நாளில் இருக்கிறது. காம்படியில் தோள்பகுதி காம்பைவிட மேலே புடைத்திருத்தல், வாளியிலுள்ள நீரில் இட்டால் மிதக்காமல் மூழ்குதல் ஆகிய இரண்டும் முதிர்ச்சியின் அடையாளங்கள். வாழையில் காயின் முனைகள் உருண்டு, முக்கால் பங்குக்கு மேல் திரண்டிருத்தல் வேண்டும். இச்சோதனைகளுக்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் வாயிலில் ஒரு வாளி நீரை வைத்து, ஒவ்வொரு வண்டியிலிருந்தும் பத்துக் காய்களை எடுத்து அதில் இடுவதற்கு ஓர் அலுவலரும் கால் மணி நேரமும் போதும். மிதக்கும் காய் மிகுதியாக உள்ள வண்டி எங்கே பழுக்க வைக்கப்பட்டாலும் நல்ல பழமாகாது. அதன் விலை அங்கேயே குறைக்கப்பட்டால், அடுத்த வாரம் அதே குத்தகைதாரர் மரத்தடியில் இன்னும் சில நாட்கள் காத்திருப்பார்.